மற்றவர்கள் ஏன் அங்கே போவதில்லை? இருவருக்கான அமைதியான, செலவு குறைந்த கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணவனும் மனைவியுமாக ஐந்தாறு நாட்கள் கடலோரத்தில் தங்கிவர வேண்டும், கூட்டமும் இரைச்சலும் இருக்கக் கூடாது, செலவும் கையைக் கடிக்கக் கூடாது, அதற்கு எந்த ஊர் சரியாக இருக்கும் என்பது கேள்வி. ஓர் ஊரின் பெயரைச் சொல்லிப் பதிலை முடித்துவிடுவது எளிது. ஆனால் ஜனவரியில் பொருந்தும் பெயர் ஜூலையில் பொருந்தாது. மூன்று நாள் விடுப்புக்கு ஒத்துவராத தீவு பத்து நாள் விடுப்புக்கு மிகச் சரியாக அமையும். ஆகவே எப்போது போவது, எப்படிப் போய்ச் சேர்வது, எந்தக் கரையில் தங்குவது என்ற வரிசையில் யோசித்தால்தான் விடை கிடைக்கும். ஊரின் பெயர் கடைசியில் தானாக வந்து சேரும்.

அமைதி ஒரு பக்கம், மலிவு ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த இடத்துக்கு, அந்த நேரத்தில், மற்றவர்கள் வருவதில்லை. எனவே ஒரு கடற்கரை அழகாகவும் ஆளரவமற்றும் மலிவாகவும் இருப்பதாகத் தெரியவந்தால், மற்றவர்கள் ஏன் இங்கே வருவதில்லை என்று முதலில் விசாரியுங்கள். காரணம் இல்லாமல் இருக்காது. மழைக்காலமாக இருக்கலாம், போய்ச் சேர அரை நாள் ஆகலாம், மணல் கறுப்பாக இருக்கலாம், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கலாம், இறங்கிக் குளிக்க முடியாத கடலாகவும் இருக்கலாம். அந்தக் காரணம் உங்கள் இருவருக்கும் ஒரு பொருட்டில்லை என்றால் அதுவே உங்களுக்கான இடம். பொருட்டுதான் என்றால், எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுவது நல்லது.

இதற்கும் முன்னதாக இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் விலகியிருக்க விரும்புவது கூட்டத்திலிருந்தா, சத்தத்திலிருந்தா, அல்லது பிறர் பார்வையிலிருந்தா? மூன்றும் வெவ்வேறு. மீன்பிடிக் கிராமத்தை ஒட்டிய கரையில் இரைச்சலான இசை இருக்காது. ஆனால் விடியற்காலையில் படகு எஞ்சின்கள் முழங்கும், வலை இழுப்பவர்களும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் இருப்பார்கள், நீச்சலுடையில் இறங்குவதற்குக் கூச்சமாக இருக்கும். தனித்து நிற்கும் ரிசார்ட்டில் யார் பார்வையும் படாது. ஆனால் அதன் ஜெனரேட்டர் இரவெல்லாம் உறுமக்கூடும். இருவரில் ஒருவர் நாள்தோறும் நீந்த வேண்டும் என்று நினைப்பவராகவும், மற்றவர் மரநிழலில் புத்தகத்தோடு கிடக்க விரும்புபவராகவும் இருந்தால், அலையடங்கிய நீரும் கரையை ஒட்டிய நிழலும் சேர்ந்த இடம் வேண்டும். ஒருவருடைய விருப்பத்தை மட்டும் நிறைவேற்றும் கரையில் மூன்றாம் நாளே மற்றவர் ஊர் திரும்பும் பேச்சை எடுத்துவிடுவார்.

இனி காலம். கடற்கரை விடுமுறையின் செலவையும் கூட்டத்தையும் வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆசியக் கடலோரங்களில் பருவக்காற்று திசை மாறும்போது நல்ல கரையும் மாறிவிடுகிறது. இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது, அதே தீவின் கிழக்குக் கரையில் திருகோணமலையும் பாசிக்குடாவும் அலையடங்கிக் கிடக்கும். தாய்லாந்தில் புக்கெட், கிராபி ஆகியவை இருக்கும் அந்தமான் கடல் பக்கத்தில் மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கத்திலுள்ள சாமுய்த் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மலேசியத் தீபகற்பத்தின் கிழக்கே உள்ள பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளை மூடியே விடுவார்கள். இந்தோனேசியத் தீவுகளான பாலிக்கும் லொம்போக்குக்கும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆக, தாய்லாந்து மழையில் நனைகிறது என்றோ இலங்கையில் இப்போது வெயில் என்றோ நாட்டளவில் பேசுவதில் பயனில்லை. கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

அட்லாண்டிக் பக்கம் போகிறவர்கள் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையான புயல் பருவத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். அதன் உச்சம் செப்டம்பர் நடுப்பகுதியை ஒட்டி வருகிறது. கரீபியன் தீவுகளில் அறைகள் அப்போது மலிவாவதற்கு அதுவே காரணம். அரூபா, போனேர், குராசாவ் ஆகிய மூன்று தீவுகள் புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அவற்றைப் புயல் அரிதாகவே தாக்குகிறது. மத்தியதரைக் கடலில் நிலைமை வேறு. நிலத்தைவிடக் கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிர்வதால், ஆகஸ்டில் இருந்த நீரின் வெதுவெதுப்பு செப்டம்பரிலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும்; பள்ளிகள் திறந்துவிடுவதால் குடும்பங்கள் கிளம்பியிருக்கும்; கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் பலத்த காற்றும் தணியத் தொடங்கியிருக்கும். மே மாதத்திலும் கூட்டம் குறைவுதான், ஆனால் நீர் இன்னும் குளிர்ந்திருக்கும். இருவராகச் செல்பவர்களுக்குப் பள்ளி விடுமுறையின் கட்டாயம் இல்லாவிட்டால், செப்டம்பரின் இரண்டாம் பாதியைவிடச் சிறந்த காலம் அந்தக் கடலில் இல்லை என்பது என் கருத்து.

பொதுவாகச் சொன்னால், உச்சப் பருவம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரங்கள் முன்னும், அது முடிந்த மூன்று நான்கு வாரங்களும்தான் தேட வேண்டிய காலம். முழு மழைக்காலத்தில் போனால் இன்னும் மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும், கூடவே வேறு சிலவும் வரும். உணவகங்கள் மூடியிருக்கும், படகுகள் ஓடாது, கடலில் இறங்க விடமாட்டார்கள். இவற்றைவிட எரிச்சலூட்டுவது, விடுதிக்காரர்கள் பழுதுபார்ப்பையும் புதிய கட்டடங்களையும் வைத்துக்கொள்வது ஆளில்லாத இந்த மாதங்களில்தான் என்பது. அமைதிக்காகப் போனவர்கள் காலை எட்டு மணிக்குக் கல் அறுக்கும் இயந்திரத்தின் ஓசையில் கண்விழிப்பார்கள். மழையையே விரும்பி, அறையின் முகப்பில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே செல்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் காலத்தைப் பரிந்துரைப்பேன்.

மாதத்துக்கு அடுத்து வாரம். பெருநகரத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் காரில் வந்து சேரக்கூடிய எந்தக் கடற்கரையும் வாரத்தில் இரண்டு முகம் காட்டும். திங்கள் முதல் வியாழன் வரை அது அமைதியான கரை. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை அது நகரத்தின் ஒரு தெரு. தொலைதூரப் பயணத்துக்கு வசதியில்லாதவர்கள் இதையே தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: ஞாயிறு பிற்பகல் போய்ச் சேர்ந்து வெள்ளி காலையில் கிளம்பிவிட்டால், அருகிலிருக்கும், எல்லோருக்கும் தெரிந்த கரைகூட அந்த நாட்களில் உங்களுடையதாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். முன்பதிவுக்கு முன் போகும் நாட்டின் அரசு விடுமுறைப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆகஸ்டு நடுவில் தெற்கு ஐரோப்பாவிலும் அமைதியைத் தேடுவது வீண்.

அடுத்தது, கடைசிக் கட்டப் பயணம். விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் அடையக்கூடிய கரை நெடுநாள் அமைதியாக இருப்பதில்லை. விமானத்துக்குப் பிறகு ஒரு பேருந்து, அதற்குப் பிறகு ஒரு படகு என்று ஒவ்வொரு மாற்றமும் வருகிறவர்களில் ஒரு பகுதியினரை வடிகட்டி விடுகிறது. லொம்போக்கை ஒட்டிய மூன்று கிலித் தீவுகளிலும் மோட்டார் வாகனங்களே கிடையாது. அவற்றுள் திராவாங்கான் கேளிக்கைக்குப் பெயர்போனது, நடுவிலுள்ள மேனோ மிகவும் அடங்கியது. மாலத்தீவு என்றாலே பெரும்பணக்காரர்களுக்கானது என்று எண்ணுகிறோம். அது தீவுக்கு ஒன்றாக அமைந்த தனி ரிசார்ட்டுகளுக்குத்தான் பொருந்தும். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. அவற்றின் வாடகை ரிசார்ட் வாடகையில் ஒரு சிறு பகுதிதான். அங்கே மது விற்க அனுமதி இல்லை, நீச்சலுடைக்கு என்று கரையில் ஒரு பகுதியை ஒதுக்கியிருப்பார்கள், அரசுப் படகுகள் பல வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. பலர் இந்தத் தீவுகளைத் தவிர்ப்பது இந்தக் காரணங்களால்தான். இவை உங்களைத் தடுக்காவிட்டால் அதே நீலக் கடல் உங்களுக்கும் கிடைக்கும்.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு இரவுகளே தங்கப் போகிறீர்கள் என்றால், வீட்டுக் கதவிலிருந்து அறைக் கதவு வரையான பயணம் ஒரு பக்கத்துக்கு அரை நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதல் நாள் மாலை களைப்பிலும் கடைசி நாள் காலை பரபரப்பிலும் போய்விடும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாலை விமானத்தில் இறங்கிப் படகைத் தவறவிட்டால் துறைமுக ஊரில் ஓர் இரவு வாடகை கொடுக்க நேரும், அது நீங்கள் மிச்சம் பிடித்த தொகையில் பாதியை விழுங்கிவிடும். இதே காரணத்தால், ஒரே பயணத்தில் இரண்டு மூன்று கரைகளைப் பார்த்துவிடும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து இரவுகள் தங்குவதாகச் சொன்னால் சிறு விடுதிக்காரர்கள் கேட்காமலே குறைத்துக் கொடுப்பார்கள்.

பேர்பெற்ற கடற்கரையின் அண்டையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த உத்தி. கூட்டம் பெயரைத் தேடி வருவதால், அந்தப் பெயருக்கு ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் கரைகள் அதே வானிலையோடும் ஏறக்குறைய அதே கடலோடும் சும்மா கிடக்கும். புக்கெட்டுக்கும் கிராபிக்கும் நடுவே ஒரே விரிகுடாவில் இருக்கும் யாவ் நோய்த் தீவில் விமான நிலையம் இல்லை. நீர் வற்றும்போது பல கரைகளில் சேறும் பாறையும் வெளிப்பட்டு நீந்த முடியாமல் போகும். அதனால்தான் அது அடக்கமாக இருக்கிறது. பாலியின் தெற்குக் கரை நெரிசலில் திணறும்போது, வடகிழக்கு மூலையிலுள்ள அமெட் கிராமங்கள் ஓய்ந்திருப்பதற்குக் காரணம், எரிமலையின் கறுப்பு மணலும் கூழாங்கற்களும் விமான நிலையத்திலிருந்து நீளும் மலைச்சாலையும்தான். ஆனால் அங்கே கரையிலிருந்து சில அடி நீந்தினாலே பவளப்பாறைகளைப் பார்க்கலாம். போர்ச்சுகலின் அல்கார்வ் கரையைவிட அதன் வடக்கே தொடரும் அலென்தேஜோ கரை அமைதியாக இருப்பதற்கு அட்லாண்டிக்கின் குளிர்நீரும் காற்றும் காரணம். வெண்மணல் புகைப்படம் வேண்டும் என்பவர்களுக்கு அமெட் ஏமாற்றமாகவே இருக்கும். மீன்களைப் பார்க்க விரும்பும் இருவருக்கு அது பெரும் வரம்.

ஊரை ஓரளவு முடிவுசெய்த பிறகு, வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அரை மணி நேரம் செலவிடுங்கள். விடுதிக்காரர் தரும் புகைப்படங்கள் சொல்லாததை அது சொல்லும். முதலில் சாலையைப் பாருங்கள்: கரைக்கும் விடுதிக்கும் இடையே நெடுஞ்சாலை ஓடுகிறதா? அடுத்து, வாகன நிறுத்துமிடம் எங்கே இருக்கிறது? நீண்ட கடற்கரையில் மக்கள் காரிலிருந்து இறங்கிய இடத்தைச் சுற்றியே கூடுவார்கள். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஆள் இருக்காது. குடைவான சிறு கரையில் அந்த வசதி இல்லை, இருபது பேர் வந்தாலே நிரம்பிவிடும். ஆனால் இருபுறமும் பாறைமுனை காப்பதால் அதன் நீர் அடங்கியிருக்கும். நீண்ட கரையில் தனிமை எளிது, குடைவில் நீச்சல் எளிது. இரண்டும் ஒரே இடத்தில் வாய்ப்பது அரிது. பிறகு, நீரில் தெரியும் வெள்ளைக் கோடுகளைக் கவனியுங்கள். கரைக்கு வெகுதூரத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்து அதற்கு உட்புறம் வெளிர்நீலமாக இருந்தால், பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுகிறது, உள்ளே குளம்போல் இருக்கும், பாசிக்குடா அத்தகையது. பல வரிசைகளாக வெள்ளைக் கோடுகள் கரைவரை வந்தால் அது அலைச்சறுக்கு ஆடுபவர்களின் கடல். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். சென்ற ஆண்டுவரை தென்னந்தோப்பாக இருந்த பக்கத்து மனை இப்போது மண்ணெடுத்த குழியாகத் தெரிந்தால், கட்டட வேலை நடக்கிறது என்று பொருள்.

கரையின் திசையையும் அப்போதே பார்த்துவிடலாம். பல தீவுகளில் சூரிய மறைவைக் காட்டும் மேற்குப் பக்கத்தில்தான் மதுக்கூடங்களும் இசையும் உயர்ந்த வாடகையும் குவிந்திருக்கும். சூரியன் உதிக்கும் கிழக்குப் பக்கத்தில் மாலையானால் கரை காலியாகிவிடும், பின்னால் குன்றோ தோப்போ இருந்தால் பிற்பகலிலேயே நிழலும் விழும். விடியலில் எழுந்து பழகியவர்களுக்குக் கிழக்குக் கரை மிகவும் ஏற்றது.

அமைதியான கரைக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அங்கே பெரும்பாலும் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். கூட்டமுள்ள கடற்கரையில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே இறங்கினால் கண்காணிப்பு இருக்கும். ஊதாக் கொடி பறந்தால் கொட்டும் கடலுயிர்கள் உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். ஆளில்லாத கரையில் நீங்களேதான் கடலைப் படிக்க வேண்டும். இறங்குவதற்கு முன் சற்று உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். எங்கும் அலை வெள்ளையாக உடையும்போது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கொஞ்சம் இருண்டு, மேற்பரப்பு சலசலத்து, நுரையும் மணல் கலங்கலும் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். பழக்கமில்லாதவருக்கு அதுவே குளிக்க ஏற்ற அமைதியான இடமாகத் தோன்றும். உண்மையில் அலைகள் கொண்டுவந்து கொட்டிய நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். அந்த ஓட்டம் ஆளை ஆழத்துக்குள் அமிழ்த்துவதில்லை, வெளியேதான் தள்ளுகிறது என்பதால், பதற்றப்படாமல் மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலை உடையும் இடத்தின் வழியாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். இருவரில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது என்றால், பவளத்திட்டோ பாறைமுனையோ காக்கும் கரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதில் மலிவைப் பார்க்க வேண்டாம்.

கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றும் அளவும் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். மத்தியதரைக் கடலில் அது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவின் கிழக்குக் கரையிலோ வற்றத்தின்போது கடல் நெடுந்தூரம் பின்வாங்கி, முழங்கால் நீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும், அத்தீவின் வடமுனையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். நீங்கள் தங்கும் நாட்களுக்கான அட்டவணையை இணையத்தில் எடுத்துப் பார்த்தால், நீச்சலுக்கேற்ற நேரம் காலையில் வருகிறதா, நட்டநடு வெயிலில் வருகிறதா என்பது தெரிந்துவிடும். இதுபோலவே, 2011 முதல் கரீபியன் கரைகளில் வசந்தத்திலும் கோடையிலும் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி குவிந்து நாறுவது வாடிக்கையாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் நவம்பர் முதல் மே வரை கொடிய நஞ்சுள்ள ஜெல்லி மீன்கள் வரும். அறை திடீரென்று மலிவாகத் தெரிந்தால் இவற்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

செலவுக்கு வருவோம். அறை வாடகையை மட்டும் ஒப்பிடுவதால்தான் பலருடைய கணக்கு தவறுகிறது. போக்குவரத்து, விமான நிலையத்திலிருந்து விடுதிவரையான வண்டி, படகு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பொழுதுபோக்கு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, தங்கும் இரவுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஊரைவிட்டுத் தள்ளி ஆளில்லாத கரையில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் ரிசார்ட் பல வேளைகளில் அதிகச் செலவில் முடிவது தெரியும். சுற்றிலும் வேறு கடை இல்லாததால் தேநீர் முதல் தண்ணீர்ப் புட்டிவரை அவர்கள் சொல்வதே விலை, வெளியே போக வேண்டுமென்றால் அவர்கள் ஏற்பாடு செய்யும் வண்டிதான். கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் மூன்று நான்கு சிறு உணவகங்களும் ஒரு மளிகைக் கடையும் உள்ள சிற்றூரில், சற்றே கூடுதல் வாடகைக்கு ஓர் அறை எடுப்பது மொத்தத்தில் மலிவாக முடியும். இரண்டு பர்னர் அடுப்பும் சிறு குளிர்பதனப் பெட்டியும் இருக்கும் அறை கிடைத்தால் காலைச் சாப்பாட்டுச் செலவும் குறையும்.

கடலை நேரே பார்க்கும் முன்வரிசை அறைக்கும், அதற்குப் பின்னால் தோட்டத்தில் இருக்கும் அறைக்கும் வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்கும். பகல் முழுவதும் மணலில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாம் வரிசையே போதும். முன்வரிசையில் நடந்துபோகிறவர்கள் எல்லோரும் உங்கள் முகப்பை எட்டிப்பார்த்துச் செல்வார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போது தேனிலவு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அந்தச் சிறப்புத் திட்டங்களில் கூடுதலாகக் கிடைப்பது கட்டிலில் தூவிய பூவிதழ்களும் அன்னப்பறவையாக மடித்த துவாலையும் ஒரு கேக்கும்தான். அதற்கு வாங்கும் பணத்தில் ஒரு நாள் படகில் சுற்றி வந்துவிடலாம்.

விடுதியைப் பற்றிய பயணிகளின் கருத்துகளைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். நீங்கள் போகவிருக்கும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து, இசை, சத்தம், கட்டட வேலை, நாய், ஜெனரேட்டர், கொசு போன்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒருவர் குறைப்பட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தால், உங்களுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. விடுதிக்காரரிடம், அமைதியாக இருக்குமா என்று பொதுவாகக் கேட்டால் இருக்கும் என்றே பதில் வரும். மாறாக, மிக அருகிலுள்ள மதுக்கூடம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, இரவில் அது எப்போது மூடும், அக்கம்பக்கத்தில் இப்போது கட்டட வேலை நடக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எந்த அறையின் பக்கத்தில் இருக்கிறது, இந்த மாதத்தில் நீங்களே கடலில் இறங்குவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். சில நாடுகளில் தம்பதியரிடம் திருமணச் சான்று கேட்கும் வழக்கம் இருப்பதால், அதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நீலக்கொடிச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. 1985-இல் பிரான்சில் தொடங்கிய இந்த ஏற்பாடு நீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிப்பறை முதலிய வசதிகள் ஆகியவற்றை அளக்கிறது. அவற்றைப் பொறுத்தவரை நம்பலாம். ஆனால் அந்த வசதிகளே கூட்டத்தையும் அழைத்துவரும் என்பதால், அமைதிக்கு அதை அடையாளமாகக் கொள்ள முடியாது. யாரும் அறியாத கடற்கரைகள் என்று வெளியாகும் பட்டியல்களோ அச்சேறிய அன்றே பொய்யாகிவிடும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவைக் கூட்டம் தாங்காமல் 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். பிலிப்பைன்சின் போராக்காய்த் தீவையும் 2018-இல் ஆறு மாதம் மூட வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் வேண்டும் என்பவர்களுக்காக, மாதத்தை வைத்துச் சில. மே முதல் ஆகஸ்டு வரை என்றால் இலங்கையின் கிழக்குக் கரை, அலை வேண்டாதவர்கள் பாசிக்குடா. ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர் என்றால் கிலி மேனோ அல்லது அமெட். ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஐரோப்பியர் கூட்டம் அதிகம். செப்டம்பர் பிற்பகுதி என்றால் கிரேக்கத்தின் நக்சோஸ் தீவு. அதே கடலிலுள்ள சாந்தோரினித் தீவின் புகழ் அதற்கு இல்லை, ஆனால் மேற்குக் கரை நெடுக மணல் உண்டு. மார்ச் பிற்பகுதியில் யாவ் நோய், அல்லது மாலத்தீவின் உள்ளூர்த் தீவு ஒன்று. உச்சப் பருவம் அல்லாத வாரங்களில் ஐந்து இரவுகளுக்கும் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. முதல் இரண்டு இரவுகளை மட்டும், ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்துகொண்டு போங்கள். இடம் பிடித்திருந்தால் மீதி நாட்களுக்கான வாடகையை உரிமையாளரிடம் நேரில் பேசிக் குறைக்கலாம், பிடிக்காவிட்டால் கரையோரமாக நடந்தே அடுத்த விடுதியை விசாரிக்கலாம்.